ஜோன் நியூற்றன்: கிருபையும் அடிமைக் கப்பலும்

ஒரு கவிஞனின் வாழ்வுக்கும் ஆக்கத்துக்கும் இடையேயுள்ள இடைவெளியை மூடிமறைப்பது பத்தர்களின் வழக்கம். அவ்விடைவெளியை ஆராய்வது விமர்சகனின் கடமை. கல்வினியக் கொள்கையினரான ஆங்கிலக் குருவானவர் ஜோன் நியூற்றன் (1725–1807) பற்றி வழங்கும் கதை இதற்குத் தக்க சான்றாகும்.

1748இல் நடுக்கடலிற் புயலில் அகப்பட்ட நியூற்றன் கடவுளை நோக்கிக் கூவினார். மனந்திரும்பி, அடிமை வாணிகத்தை அன்றே துறந்தார் என்பது அக்கதை. வரலாறோ வேறு. மனமாற்றத்தின் பின்னரே, 1750 முதல் 1754 வரை, அடிமைக் கப்பற் தலைவராக அவர் மூன்று பயணங்களை நடத்தினார். அத்தொழிலை அவர் விட்டமைக்குக் காரணம் உடல்நலக் குறைவேயாகும். பின்னர் லிவர்பூலிற் சுங்க உத்தியோகம் பார்த்து, 1764இல் ஒல்னி என்னும் ஊரிற் குருவானார்.

ஒல்னி, பின்னல் நெசவால் வயிறு கழுவிய ஏழைகளின் ஊர். அம்மக்களின் செபக் கூட்டங்களுக்காக நியூற்றனும் கவிஞர் வில்லியம் கூப்பரும் எழுதிய 348 ஞானப்பாட்டுகள் 1779இல் நூலாயின. அவற்றுட் பெரும்பாலானவை நியூற்றன் இயற்றியவை. பாமரர்க்கு விளங்கும் எளிய சொற்களே அவற்றின் வலிமை. இதனை நாம் மறுத்தலாகாது.

ஆயினும், புகழ்பெற்ற 'அமேசிங் கிரேஸ்' பாட்டிற் பேசுபவன் 'நான்' என்னும் தனிமனிதன். அவன் தன்னைக் கேடுகெட்டவன் என்கிறான். செய்த கேடு யாதெனக் கூறுவதில்லை. விலங்கிடப்பட்ட ஆபிரிக்கனுக்கு அங்கு இடமில்லை. மனிதர் அனைவரும் பாவிகள், கிருபையொன்றே மீட்கும் என்னும் கல்வினியக் கோட்பாடு, சமுதாயக் குற்றமொன்றைப் பொதுவான பாவத்துட் கரைத்துவிடுகிறது.

அக்குற்றத்தைப் பெயர் சுட்டி அவர் எழுதியது 1788இல், தாம் கப்பலைவிட்டு 34 ஆண்டுகள் கழிந்த பின்னரே. அடிமை வாணிகம் பற்றிய அச்சிறுநூல், கப்பலின் கீழ்த்தட்டில் மனிதர் நெருக்கி அடைக்கப்பட்ட கொடுமையை நேரிற் கண்டவரின் துல்லியத்தோடு கூறுகிறது. தமது வாக்குமூலம் காலந்தாழ்த்தி வந்ததென்பதையும் ஒப்புக்கொள்கிறது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் அடிமை வாணிக ஒழிப்புக்கான சங்கம் இலண்டனில் உருவாகியிருந்தது. தனிமனித மனச்சாட்சி இயக்கத்தின் குரலோடு சேர்ந்தபோதே உண்மை உரத்து ஒலித்தது. பாராளுமன்ற விசாரணையிலும் நியூற்றன் சாட்சியமளித்தார். அவ்வாணிகம் 1807 மார்ச்சிற் சட்டத்தாற் தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் மறைந்தார்.

அடிமைகளின் வழித்தோன்றல்களான அமெரிக்கக் கறுப்பின மக்கள் அப்பாட்டைத் தமதாக்கி, 1960களின் குடியுரிமைப் போராட்டத்திலும் பாடினர். ஆக்கியோன் சொல்லாது விட்டதை அவர்களின் குரல் நிரப்பியது. ஓர் ஆக்கத்தின் பொருளை எழுதியவன் மட்டும் முடிவுசெய்வதில்லை. அதனை ஏந்திச் செல்லும் மக்களும் முடிவுசெய்கின்றனர்.