தமிழில் கட்டளைவரிக் கையேடுகளும் பிழைச்செய்திகளும்

கட்டளைகளைத் தட்டச்சிட்டுக் கணினியை இயக்கும் முறையைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி புதிதன்று. 2012 சனவரியில் தொடங்கிய கணியம் மின்னிதழும் து. நித்யாவின் ‘எளிய தமிழில் ஜிஎன்யூ/லினக்ஸ்’ நூலும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கன. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் லினக்ஸ் பாடங்களைத் தமிழ்க் குரலிலும் வழங்கிவருகிறது. எனவே நூலின்மை இன்றைய குறையன்று. கட்டளை செய்யும் பணியை விளக்கும் அளவிற்கு, அக்கட்டளை தவறும் இடத்தைத் தமிழ்க் கையேடுகள் பொதுவாக விளக்குவதில்லை என்பதே குறை.

சேலம், நாமக்கல் சமவெளியின் பொறியியல் கல்லூரிகளுக்கும் பாலிடெக்னிக்குகளுக்கும் அரசுப் பள்ளிகளில் தமிழ்வழி பயின்று வரும் மாணவர் உளர். 2018ஆம் ஆண்டின் பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் விண்டோசுடன் உபுண்டுவையும் அறிமுகப்படுத்துகிறது. ஆயினும் அவ்வறிமுகம் பெரிதும் சுட்டியையும் படவுருக்களையும் சார்ந்தது. இம்மாணவர் முனையத்தைத் திறந்து ஓர் எழுத்தைப் பிழையாக இட்டால் திரையில் வருவது ஆங்கிலத் தொடர். கையேட்டின் துணை மிகுதியாக வேண்டப்படும் அவ்விடத்தில் கையேடு பேசுவதில்லை.

தொடக்கநிலையில் அடிக்கடி எதிர்ப்படும் தொடர்கள் மிகச் சிலவே. ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ என்பது எழுத்துப் பிழையாலோ செயலி நிறுவப்படாமையாலோ வரலாம். தமிழ்99 விசைப்பலகை இயக்கத்தில் இருப்பதை மறந்து தட்டச்சிடினும் வரும். இக்காரணத்தை ஆங்கில நூலில் தேடிப் பயனில்லை. ‘நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்பது பெரும்பாலும் மாணவர் தாம் நிற்கும் அடைவை அறியாமையைக் காட்டும். ‘பிடபிள்யூடி’ கட்டளையை முதற்பாடத்திலேயே வைக்க இதுவே போதிய காரணம். அடைவா, கோப்பகமா என்னும் கலைச்சொல் விவாதத்திற்குப் பக்கங்கள் செலவாகின்றன. திரையில் தோன்றுவதோ ‘டைரக்டரி’ என்னும் சொல்லே. அச்சொல்லையும் உடன் தராத கலைச்சொல்லாக்கம் கற்பவருக்கு உதவாது.

‘பெர்மிஷன் டினைட்’ என்னும் தொடருக்குப் பலர் சொல்லும் தீர்வு, கட்டளையின் முன் ‘சுடோ’ சேர்த்தல். இது கவலைக்குரியது. உரிமை ஏன் மறுக்கப்பட்டது என்று கேட்கப் பழகாதவர், ‘ஆர்எம்’ கட்டளைக்கும் அவ்வாறே சேர்ப்பர். அக்கட்டளை அழித்த கோப்பு குப்பைத்தொட்டியிலும் இராது. சுடோ கேட்கும் கடவுச்சொல் பெரும்பாலான பதிப்புகளில் திரையில் தோன்றாது என்னும் ஒருவரிக் குறிப்பு இல்லாமையால், விசைப்பலகை பழுதெனக் கருதவும் இடமுண்டு.

மொழியமைப்பு சார்ந்த இடர்ப்பாடு இன்னும் ஆழமானது. ‘கணக்கை நகலுக்குப் படியெடு’ என்னும் தமிழ்த் தொடரில் வினை இறுதியில் நிற்கிறது. எது மூலம், எது இலக்கு என்பதை ‘ஐ’, ‘கு’ உருபுகள் உணர்த்துகின்றன. சொற்கள் இடம் மாறினும் பொருள் மாறுவதில்லை. ‘சிபி கணக்கு நகல்’ என்னும் கட்டளையிலோ ஏவல் முதலில் வருகிறது, உருபு இல்லை, வரிசையே வேற்றுமையின் பணியைச் செய்கிறது. இரு கோப்புகளும் முன்பே இருந்து வரிசை மாறினால், பழைய நகல் புதிய கணக்கின்மேல் கேள்வியின்றி எழுதப்பட்டுவிடும். முதற்சொல்லுக்கு ‘ஐ’, இரண்டாவதற்கு ‘கு’ எனச் சேர்த்துப் படிக்கச் சொன்னால் வேற்றுமை பயின்ற மாணவருக்கு இது எளிதில் விளங்கும். மொழிபெயர்ப்பில் இத்தகைய விளக்கம் கிடைக்காது.

தமிழெழுத்தில் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு இன்மையும் கருதத்தக்கது. ‘டெஸ்க்டாப்’ எனத் தமிழில் எழுதியவுடன், முதலெழுத்து பெரியது என்னும் செய்தி மறைந்துவிடுகிறது. லினக்ஸ் அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தும். மின்னூலாக்கத்தின்போது இரு சிறுகோடுகள் ஒரே நெடுங்கோடாக இணைவதும் நேர் மேற்கோள்குறிகள் வளைவதும் அச்சழகைப் பொறுத்தவரை சரி. அவற்றை நகலெடுத்து ஒட்டினால் கட்டளை இயங்காது.

எடுத்துக்காட்டுகளும் வட்டாரத்திலிருந்து அமையலாம். கோழிப்பண்ணையின் நாள்வாரி முட்டைக் கணக்கில் 95, 480, 1050 என்னும் எண்கள் இருப்பின், ‘சார்ட்’ கட்டளை இயல்பாக 1050ஐ முதலிலும் 95ஐ இறுதியிலும் வைக்கும். எண்களை அது எழுத்துகளாக ஒப்பிடுவதே காரணம். சிறுகோட்டுடன் ‘என்’ சேர்த்தால் வரிசை சீராகும். நாமக்கல் மாணவர் இவ்விடையின் பிழையைத் தாமே கண்டுபிடிப்பர்.

கணியத்தின் ஆக்கங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளிவருவதால், அவற்றை விரித்தெழுதப் பிறருக்கும் வழியுண்டு. அதற்கான தரவு ஆய்வகங்களில் நாள்தோறும் தோன்றி மறைகிறது. மாணவரின் ரெக்கார்டு நோட்டில் சரியான வெளியீடு மட்டுமே எழுதப்படுகிறது. தவறிய கட்டளையும் அதற்குத் திரை தந்த மறுமொழியும் எதிர்ப்பக்கத்தில் எழுதப்படுமாயின், ஒரு பருவத்திற்குள் தமிழில் பிழைவிளக்கக் கையேடு ஒன்றிற்கான முதல் வரைவு கிடைத்துவிடும்.