ஒரே உதவிநூல், பல இயங்குதளங்கள்: லிப்ரெஆஃபிஸ் உதவிநூலின் மூல அமைப்பும் தமிழ் வேற்றுமையும்

1. முன்னுரை

மென்பொருளுடன் வழங்கப்படும் உதவிநூலைப் படிப்பவர் படித்து முடித்த பின் செயல்படுவதில்லை, படிக்கும்போதே செயல்படுகிறார். எனவே அதில் ஒரு தொடர் பிறழ்ந்தாலும் செயல் தடைபடுகிறது. ஒரே மென்பொருள் விண்டோஸ், லினக்ஸ், மேக் ஓஎஸ் ஆகிய மூன்று இயங்குதளங்களிலும் இயங்கும்போது விசைகளின் பெயர்களும் பட்டிகளின் இடங்களும் வேறுபடுகின்றன. தளந்தோறும் தனிநூல் எழுதாமல் ஒரே மூலத்துள் வேறுபாடுகளை அடக்கிவிடும் முறை பரவலாகக் கையாளப்படுகிறது. ஓப்பன்ஆஃபிஸிலிருந்து 2010இல் கிளைத்த லிப்ரெஆஃபிஸின் உதவிநூலை முன்வைத்து, இம்முறை தமிழ் மொழிபெயர்ப்பில் தோற்றுவிக்கும் சிக்கலை இக்கட்டுரை ஆராய்கிறது.

இச்சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஐதராபாத்தில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் இந்திய மேம்பாட்டு மையம் 1998இல் தொடங்கப்பட்டது. தெலுங்கில் கட்டற்ற இயங்குதளத்தை உருவாக்கிய சுவேச்சா அமைப்பும் 2005 முதல் அந்நகரிலேயே இயங்கிவருகிறது. இருவகை இயங்குதளங்களும் ஒரே நகரில் திராவிட மொழியொன்றைச் சந்திக்கும் அச்சூழலில், தமிழுக்கு எழும் வினா தெலுங்குக்கும் எழுகிறது.

2. மூலத்தின் அமைப்பு

லிப்ரெஆஃபிஸ் உதவிநூலில் தள வேறுபாடு தொடருக்குள்ளேயே குறியிடப்படுகிறது. கண்ட்ரோல் விசை வரவேண்டிய இடத்தில் ஒரு மாற்றிடம் அமைகிறது; மேக் ஓஎஸ் எனில் கமாண்ட் என்றும், பிற தளங்கள் எனில் கண்ட்ரோல் என்றும் அது திரையில் விரிகிறது. பட்டிகளின் நிலையும் இதுவே. விண்டோஸிலும் லினக்ஸிலும் கருவிகள் பட்டியில் உள்ள தேர்வுகள், மேக் ஓஎஸ்ஸில் மென்பொருளின் பெயர் தாங்கிய பட்டியில் இடம்பெறும். இவையன்றி, மென்பொருளின் பெயரும் ஒரு மாறியாக அமைகிறது. சில பகுதிகள் வேறு கோப்புகளிலிருந்து எடுத்துச் செருகப்படுகின்றன.

ஆங்கிலத்துக்கு இவ்வமைப்பு இடர் தருவதில்லை. ஏவல்வினை முதலிலும் செயப்படுபொருள் அதன் பின்னும் வருவதாலும், பெயர் வேற்றுமைக்குத் திரியாததாலும், எப்பெயரை மாற்றியிட்டாலும் தொடர் நிலைகுலைவதில்லை. இத்தகைய மொழியின் இயல்பே எம்மொழிக்கும் பொது என்ற கருத்து இம்மூல அமைப்பில் உட்கிடையாக உள்ளது.

3. வேற்றுமையும் புணர்ச்சியும்

தமிழில் வினை இறுதியில் நிற்கும். செயப்படுபொருள் அதற்குமுன் உருபேற்று நிற்கும். கண்ட்ரோல், கமாண்ட் என்பவற்றுக்குக் கட்டுப்பாடு, ஆணை என்னும் பெயர்களைக் கொண்டால் இரண்டாம் வேற்றுமை வடிவங்கள் பின்வருமாறு அமையும்:

(1) கட்டுப்பாடு + ஐ = கட்டுப்பாட்டை
(2) ஆணை + ஐ = ஆணையை

முன்னதில் ஒற்று இரட்டித்து உகரம் கெடுகிறது. பின்னதில் யகர உடம்படுமெய் தோன்றுகிறது. உருபை மாற்றிடத்துக்கு வெளியே பொதுவாக வைத்தால் ‘கட்டுப்பாடு ஐ’, ‘ஆணை ஐ’ என்னும் வழுவடிவங்களே கிடைக்கும்.

இங்கு இரு நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும். தள மாற்றிடத்தின் இரு கிளைகளும் மொழிபெயர்ப்பாளர் கையில் உள்ளன. உருபைக் கிளைக்குள் கொண்டுசென்று வழுவை நீக்கலாம். மென்பொருட்பெயர் மாறியிலும் செருகப்படும் பகுதியிலும் அவ்வுரிமை அவருக்கு இல்லை. ஒருமுறை எழுதப்பட்ட வடிவம் எழுவாயாகவும் செயப்படுபொருளாகவும் இடப்பொருளிலும் அப்படியே வந்து நிற்கும். முன்னதில் நேரும் பிழை மொழிபெயர்ப்பாளருடையது. பின்னதில் நேர்வது மூலத்தினுடையது. மொழிபெயர்ப்பை மதிப்பிடுவோர் இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவது முறையன்று.

தெலுங்கின் நான்காம் வேற்றுமையிலும் இதையொத்த நிலையைக் காணலாம். எழுத்து வழக்கில் இகர ஈற்றுப் பெயர் ‘கி’ உருபையும் பிற ஈறுகள் ‘கு’ உருபையும் ஏற்பது பெருவழக்கு. மாற்றிடத்தில் வரப்போகும் பெயரின் ஈறு தெரியாதபோது உருபை முன்கூட்டி எழுத இயலாது.

4. தீர்வுகள்

முதல் தீர்வு தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளது. ‘சாரைப்பாம்பு’ போன்ற இருபெயரொட்டுப் பண்புத்தொகையில் சிறப்புப்பெயர் திரியாது நிற்கப் பொதுப்பெயரே உருபேற்கும். அவ்வாறே,

(3) [கண்ட்ரோல் / கமாண்ட்] விசையை அழுத்துக

என்னும் தொடரில் உருபு ‘விசை’யோடு சேர்வதால் மாற்றிடம் பாதிக்கப்படுவதில்லை. விசைப்பலகையில் பொறித்துள்ள பெயரோடு ஒலிப்பு ஒத்திருப்பது கூடுதல் நன்மை. கட்டுப்பாடு என்றே பெயர்த்தால் ‘கட்டுப்பாட்டு விசை’ எனத் திரிபு மீண்டும் தலைகாட்டும். பொதுப்பெயர் வல்லினத்தில் தொடங்காதிருத்தலும் நன்று. விசை, மென்பொருள், நிரல் ஆகியவற்றின் முன் வல்லொற்று மிகாது. பட்டி, கோப்பு, சாளரம் ஆகியவற்றின் முன் மிகக்கூடும்.

இரண்டாவது, ‘என்பது’ என்னும் மேற்கோள் வடிவம். ‘தேர்வுகள்’ என்பதைச் சொடுக்குக என்னும்போது திரையில் உள்ள பெயர் சிதையாமல் நிற்கிறது. தெலுங்கின் ‘அனே’ வடிவமும் இப்பயன் தரவல்லது. ஆயினும் திரைப்பெயரைச் சுட்டுமிடத்தில் பொருந்தும் இவ்வடிவம், பொருளையே சுட்டுமிடத்தில் பொருந்துவதில்லை. ‘கண்ட்ரோல் என்பதை அழுத்துக’ என்பது இயல்பான தமிழன்று. எல்லா இடத்தும் இதையே கையாண்டால் நூல் சலிப்பூட்டும்.

மூன்றாவது, உருபேற்ற வடிவத்தை இயந்திரமே ஆக்கும் வழி. கான்பூரில் தொடங்கி ஐதராபாத்தில் தொடர்ந்த அனுசாரகா திட்டம், சொல்லைப் பகுதியாகவும் விகுதியாகவும் பகுத்தாய்ந்து ஓர் இந்திய மொழியினின்று மற்றொன்றுக்குச் செல்லும் வழியை வகுத்தது. அத்தகைய உருபனியல் அறிவை உதவிநூலுக்கும் பயன்படுத்த இயலும். மொசில்லாவின் ஃபுளுவெண்ட் முறை (2019) மென்பொருட்பெயரின் வேற்றுமை வடிவங்களை மொழிபெயர்ப்பாளரே பட்டியலிட இடமளிக்கிறது. ஆனால் அது இடைமுகத் தொடர்களுக்காக எழுந்தது.

5. முடிவுரை

மேற்கண்ட மூன்றனுள் முதலிரண்டும் மொழிபெயர்ப்பாளரால் இன்றே கைக்கொள்ளத்தக்கவை. எனினும் அவை மூலத்தின் குறையை மறைப்பனவேயன்றி நீக்குவன அல்ல. தள வேறுபாட்டைச் சொல் அளவில் அன்றி முழுத்தொடர் அளவில் பிரித்தெழுதுதல் வேண்டும். அதனால் மொழிபெயர்க்க வேண்டிய அளவு கூடும் என்பது உண்மை. ஆயினும் ஒவ்வொரு தொடரும் தன் மொழியின் இலக்கணத்தில் முழுமை பெறும். ஆங்கிலம் அறிந்தவர் உடைந்த தொடரைக் கண்டால் மூலத்தைப் பார்த்துக்கொள்வார். தமிழ் மட்டும் அறிந்தவருக்கு அவ்வாய்ப்பில்லை. உதவிநூல் எழுதப்படுவதோ அவருக்காகவே.