மேடு யாருடையது?

'தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் மேடான, பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.' ஐப்பசி, கார்த்திகை வந்தால் தாமிரபரணிக் கரை ஊர்களில் ஆட்டோ ஒலிபெருக்கி இதைச் சொல்லிக்கொண்டு போகும். தமிழ் எம்.ஏ. படித்த கோளாறு, எதைக் கேட்டாலும் இலக்கணக் குறிப்பு எழுதத் தோன்றுகிறது. செயப்பாட்டு வினை. கேட்டுக்கொள்கிறவர் யார் என்று வாக்கியத்தில் இல்லை. போகச் சொல்கிற இடம் எது, யாருடையது, அங்கே கதவு திறந்திருக்குமா என்பதும் இல்லை. இருப்பது ஒன்றே ஒன்று: நாம் இருக்கும் இடம் தாழ்ந்தது.

இந்தத் 'தாழ்வான' என்ற சொல்லைக் கொஞ்சம் நிதானமாக வாசிக்க வேண்டும். ஊர் மேட்டில் இருக்கும். கோவிலும் அதன் தேரோடும் தெருக்களும் இருக்கும் அந்த மேட்டை விட்டு இறங்கி, வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில், குளத்து மறுகால் பாய்கிற வழியில், புறம்போக்கில் நம் குடியிருப்பு இருக்கும். தண்ணீர் சாதி பார்க்காது என்று ஒவ்வொரு வெள்ளத்திலும் யாராவது ஒரு பெரிய மனுஷர் பத்திரிகையில் எழுதுகிறார். தண்ணீர் பார்க்காது. தண்ணீர் போகிற வழியில் யாரைக் குடிவைப்பது என்று தீர்மானித்தவர்கள் நன்றாகப் பார்த்துத்தான் வைத்தார்கள். ஒலிபெருக்கி வருமுன் இதே அறிவிப்பைத் தண்டோராவாகப் போட்டதும் நம் கைதான். அந்த வழக்கத்தைத் தமிழக அரசு நிறுத்தச் சொன்னது 2022இல். ஊரெல்லாம் தப்பிக்கச் சொல்லி அடித்துவிட்டுக் கடைசியாகத் தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன் எந்த மேட்டுக்குப் போனான் என்று எந்த வருவாய்த் துறைக் குறிப்பிலும் நான் படித்ததில்லை.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. குமரிக்கடல் பகுதியில் மேலடுக்குச் சுழற்சி. பெயர் வைத்த புயல் அல்ல. இரண்டு வாரத்துக்கு முன் சென்னையை உலுக்கிய மிக்ஜாமுக்குப் பெயர் இருந்தது, வரைபடம் இருந்தது, தொலைக்காட்சியில் மணிக்கொரு அம்புக்குறி இருந்தது. நம் பக்கம் வந்ததற்குப் பெயர்கூட இல்லை. 18ஆம் தேதி காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் கொட்டித் தீர்த்தது. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் தண்ணீர் ஒரு பக்கம், குளங்கள் உடைந்த தண்ணீர் ஒரு பக்கம். ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு முதுகுப் பக்கத்திலிருந்து வந்தது வெள்ளம். இவ்வளவு மழை என்று முன்கூட்டிச் சொல்லவில்லை என்று மாநில அரசு சொன்னது, சொன்னோம் என்று வானிலை மையம் சொன்னது. பல நாள் அந்தச் சண்டை நடந்தது. சொன்னது ஒரு வீட்டுக்குள் எப்படி வந்து விழுந்தது, அங்கே என்ன பேச்சு நடந்தது என்று இரண்டு தரப்புமே கேட்கவில்லை.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, பத்தமடை என்று ஆற்றையும் கன்னடியன் காலையும் ஒட்டிக் கிடக்கிற ஊர்களில் அந்தப் பேச்சு எப்படிப் போகும் என்று நமக்குத் தெரியும். 

'எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லுதாங்க.'

'தொண்ணூத்திரெண்டு வெள்ளத்துலயே இந்தப் படியத் தாண்டல. இப்ப எங்க தாண்டப் போவுது?'

'அப்ப கொளம் ஒடயலல்லா.'

'ஆட்ட என்ன செய்ய? அவுத்து விட்டுட்டுப் போவச் சொல்லுதியா?'

'பிள்ளையளக் கூட்டிட்டு நீங்க போங்க, நான் கெடக்கேன்.'

'கெடந்தா? உன்னத் தூக்க ஒருத்தன் திரும்ப வரணும்.'

இதில் எந்த இடத்தில் முட்டாள்தனம் இருக்கிறது? 1992 நவம்பர் வெள்ளத்தின் கறை எந்தப் படியில் நின்றது என்பது அந்தப் பாட்டியிடம் இருக்கும் மழைமானி. அவள் அளவீட்டை வைத்துப் பேசுகிறாள். மருமகள் அதை மறுத்துப் புதிய தரவு ஒன்றை வைக்கிறாள். ஆடு என்பது பாசம் மட்டுமல்ல, தை மாசம் கட்ட வேண்டிய வட்டி. பட்டா இல்லாத வீடு என்றால் இன்னொரு கணக்கும் உண்டு: எழுந்து போனால் திரும்பி வந்து உட்கார விடுவார்களா? பத்தமடையில் பாய் நெய்கிற இஸ்லாமியப் பெண்களுக்கு இன்னொரு கணக்கு. தறியைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. வாரக்கணக்கில் நெய்கிற மெல்லிய பாய் பாதியில் நிற்கும், கோரை நனைந்தால் முதல் போச்சு. ஒவ்வொரு வீட்டிலும் அரை மணி நேரத்துக்குள் ஒரு பொருளாதார ஆய்வே நடந்து முடிகிறது, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில்.

அடுத்தது, போகிற இடம். அரசுப் பள்ளிக்கூடம், இல்லையென்றால் கல்யாண மண்டபம். பள்ளிக்கூடம் எல்லாருக்கும் பொது என்று சட்டம் சொல்கிறது. 2023 ஆகஸ்ட்டில், இந்த வெள்ளத்துக்கு நாலே மாதத்துக்கு முன், இதே நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவன் உடன் படித்த மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. மாணவர்கள் கையில் கட்டுகிற சாதிக் கயிறுகளைப் பற்றி நீதிபதி சந்துரு குழு அறிக்கை கொடுத்தது 2024இல். அந்த மாதிரி ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில், இருட்டில், வயதுப் பெண்ணோடு போய்ப் படுக்கச் சொல்கிறது அறிவிப்பு. போவதா வேண்டாமா என்று ஒரு தகப்பன் யோசிக்கிறான். அவன் யோசிப்பது மழையைப் பற்றி மட்டும்தானா?

முகாமுக்குப் போனவர்கள் கதையும் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கத்தில் பொது முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதும், தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் தனியாக நிற்க நேர்ந்ததும் மனித உரிமை அமைப்புகளின் அறிக்கைகளில் பதிவாகியிருக்கின்றன. கடலுக்குத் தப்பினோம், வரிசைக்குத் தப்பவில்லை.

இவ்வளவும் நடந்த பிறகு செய்தி இப்படி வரும்: 'அதிகாரிகள் பலமுறை எச்சரித்தும் மக்கள் வெளியேற மறுத்தனர்.' மறுத்தல் என்பது அறிவற்றவர்களின் பிடிவாதமாக அங்கே நிற்கிறது. வினைச்சொற்களைக் கவனியுங்கள் தோழர்களே. 2005 ஆகஸ்ட் 29, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைக் கத்ரீனா புயல் மூழ்கடித்தது. முந்தின நாள்தான் கட்டாய வெளியேற்றத்துக்கு மேயர் உத்தரவிட்டிருந்தார். கார் வைத்திருந்தவர்கள் போனார்கள். கார் இல்லாத பல்லாயிரம் பேர், பெரும்பாலும் கறுப்பர்கள், கையில் காசு தீர்ந்த மாசக் கடைசியில் நின்றார்கள். 'ஏன் போகவில்லை?' என்று உலகம் கேட்டது. மார்பளவுத் தண்ணீரில் சாமான் தூக்கிவந்த கறுப்பு இளைஞனின் படத்துக்குக் கீழே 'கொள்ளையடித்து' என்று எழுதியது ஒரு செய்தி நிறுவனம். அதே மாதிரித் தண்ணீரில் அதே மாதிரிச் சாமானோடு வந்த வெள்ளையர் இருவர் படத்துக்குக் கீழே 'கண்டெடுத்து' என்று எழுதியது இன்னொன்று. செப்டம்பர் 1 அன்று நடந்தே வெளியேறப் பாலத்துக்கு வந்த கூட்டத்தை அக்கரைக் கிரெட்னா நகரத்துப் போலீஸ் துப்பாக்கியோடு மறித்துத் திருப்பி அனுப்பியது. போகாதபோது 'ஏன் போகவில்லை?', போனபோது 'எங்கே வருகிறாய்?'

இந்த மணிநேரத்தை எழுதிக் காட்டிய ஒரு நாவலைப் பற்றித்தான் இங்கே முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். ஸோரா நீல் ஹர்ஸ்டன் என்ற கறுப்புப் பெண் 1937இல் எழுதிய 'அவர்களின் கண்கள் கடவுளைப் பார்த்துக்கொண்டிருந்தன'. பின்னணி ஃபுளோரிடாவின் ஓக்கீச்சோபி ஏரியை 1928 செப்டம்பரில் உடைத்த புயல். செத்தவர்கள் குறைந்தது 2,500 பேர் என்பது இப்போதைய அரசுக் கணக்கு. பெரும்பாலும் வயல் வேலைக்கு வந்த கறுப்பர்கள்.

நாவலில் ஜேனியும் அவள் புருஷன் டீ கேக்கும் ஏரிக்கரையில் அவரைக்காய் பறிக்கிற கூலிகள். பூர்வகுடி செமினோல்கள் வரிசை வரிசையாக மேட்டை நோக்கிப் போகிறார்கள். புயல் வருகிறது என்கிறார்கள். முயலும் பாம்பும் இடம்பெயர்கின்றன. சிநேகிதன் ஒருவன் காரில் இடம் இருக்கிறது வா என்கிறான். டீ கேக் போகவில்லை. கூலி நன்றாகக் கிடைக்கிற நேரம், அவ்வளவு பெரிய கரையைக் கட்டி மேலே பங்களாவில் இருக்கிற வெள்ளைக்காரனே போகவில்லையே, அந்தச் செமினோல்களுக்குத்தான் எல்லாம் தெரியுமா என்று அவன் நியாயம் பேசுகிறான். கிடார் அடிக்கிறார்கள், சூதாடுகிறார்கள், கதை சொல்லிச் சிரிக்கிறார்கள். ஹர்ஸ்டன் அவனை முட்டாள் ஆக்கவில்லை, தியாகியும் ஆக்கவில்லை. அவன் கணக்குப் போடுகிறான், கணக்குத் தப்புகிறது. முதலாளியின் அறிவை நம்பிப் பூர்வகுடியின் அறிவை ஏளனம் செய்கிற அந்த இடத்தில் ஒடுக்கப்பட்டவனுக்குள் இருக்கிற படிநிலையையும் அவர் தொட்டுவிடுகிறார். நம்மில் எத்தனை பேர் மாடு மேய்க்கிறவன் சொன்னதைத் தள்ளிவிட்டு அதிகாரி சொன்னதற்காகக் காத்திருந்தோம்!

ஏரி உடைந்தபின் இருட்டில் நீந்தியும் நடந்தும் ஒரு பாலத்தின் மேட்டுக்கு வந்து சேர்கிறார்கள். அங்கே வெள்ளையர்கள் முன்னமே ஏறி இடத்தைப் பிடித்துவிட்டார்கள். இவர்களுக்கு நிற்க இடமில்லை, மேலே நடக்கிறார்கள். இதை ஹர்ஸ்டன் ஒரு சாதாரணத் தகவலாகச் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். அதைவிட உறைக்கிறமாதிரி எழுத முடியாது. புயல் அடங்கியபின் டீ கேக்கைத் துப்பாக்கி முனையில் பிணம் புதைக்கக் கூட்டிப்போகிறார்கள். வெள்ளைப் பிணத்துக்குப் பெட்டி, கறுப்புப் பிணத்துக்குக் குழி. இது கற்பனை அல்ல. வெஸ்ட் பாம் பீச்சில் 674 கறுப்பர்கள் ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள், பல ஆண்டுகள் அதற்கு ஒரு கல்கூட இல்லை.

இந்த நாவலைப் போராட்டம் இல்லாத எழுத்து என்று 1937லேயே தாக்கியவர் வெள்ளையர் அல்ல, ரிச்சர்ட் ரைட். பிறகு அது மறக்கப்பட்டு, 1975இல் ஆலிஸ் வாக்கர் எழுதியபின்தான் ஹர்ஸ்டன் திரும்பப் பேசப்பட்டார். ரைட்டின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கொடி பிடிக்காத நேரத்திலும் ஒடுக்கப்பட்டவர்கள் யோசிக்கிறார்கள், சண்டை போட்டுக்கொள்கிறார்கள், தீர்மானிக்கிறார்கள். அதை எழுதுவதும் அரசியல்தான் என்று அவர் பார்க்கத் தவறினார்.

நம்மிடம் என்ன இருக்கிறது? தமிழ் வாசகப் பொதுப்புத்திக்கு வெள்ளம் என்றால் ஆடிப்பெருக்கு. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகத்தின் பெயரே 'புது வெள்ளம்'. கரைபுரள்கிற தண்ணீர் அங்கே செழிப்பின் அடையாளம். நிலம் உள்ளவனுக்கு அது சரி. நெல்லைக்காரர்களின் தாமிரபரணிப் பெருமையும் இதே ரகம், படித்துறையில் நின்று எழுதியது. நம் தரப்பில் இந்த ஆறு வேறாக எழுதப்பட்டது 1999 ஜூலை 23க்குப் பிறகு. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியதில் 17 பேர் செத்தார்கள். ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படமும், மாரி செல்வராஜின் 'தாமிரபரணியில் கொல்லப்படாதவர்கள்' தொகுப்பும் அந்த நாளைச் சாகவிடாமல் வைத்திருக்கின்றன. ஆற்றுக்குள் துரத்திய காக்கிச் சட்டையே இன்று மைக்கைப் பிடித்து ஆற்றை விட்டுப் போ என்கிறது. கேட்கிற காது கொஞ்சம் தயங்காதா?

ஆனால் 2023 வெள்ளத்தைப் பற்றி நம் தோழர்கள் எழுதியவற்றில் எனக்குக் குறை உண்டு. கவிதைகள் நிறைய வந்தன. எல்லாவற்றிலும் தண்ணீர் ஏறிவிட்டது, ஆடு மிதக்கிறது, அம்மா கூரைமேல் நிற்கிறாள். நாம் மறுபடியும் பாதிக்கப்பட்டவர்கள், அவ்வளவுதான். பத்திரிகைக்காரன் 'மறுத்தனர்' என்று ஒரு சொல்லில் மூடிய அந்த நாலு மணி நேரத்தை நாமும் திறக்கவில்லை. யார் முதலில் போவோம் என்றது, யார் சண்டை போட்டது, யார் சொல் கேட்கப்பட்டது — அநேகமாக அது பெண்ணுடையதாக இருக்காது — எந்தத் தெருவுக்கு ஒலிபெருக்கி வரவே இல்லை, எந்த மண்டபத்தின் சாவி 'கிடைக்கவில்லை', கடற்கரையிலிருந்து படகு கொண்டுவந்த மீனவர்களோடு என்ன பேசிக்கொண்டார்கள். நம் தன்வரலாறுகள் அவமானத்தை அவ்வளவு நுணுக்கமாக எழுதின. தீர்மானத்தை அந்த நுணுக்கத்தோடு எழுதவில்லை.

அரசு தன் பங்குக்குக் கேட்டு எழுதிக்கொண்டது. குடிசை பகுதி சேதமா முழுச் சேதமா, மாடு எத்தனை, ஆடு எத்தனை, கோழி எத்தனை. எந்த மணிக்கு வீட்டை விட்டீர்கள், எங்கே போனீர்கள், அங்கே உள்ளே விட்டார்களா என்பதற்குப் பத்தி இல்லை. கடுமையாகப் பாதித்த வட்டங்களுக்கு 6,000 ரூபாய் அறிவித்தார்கள், ரேஷன் அட்டையைக் காட்டி வாங்க வேண்டும். அந்த அட்டையைப் பாலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வரிசையில் வந்து நின்ற பெண்ணிடம், அதை எப்போது சுற்றி எடுத்து வைத்தாய் என்று யாரும் கேட்கவில்லை.