கேட்டுப் பெறும் இணைப்பும் காசுக்கு வாங்கும் இணைப்பும்

கோலா கங்சாரில் ஹோம்ஸ்டே நடத்துகிறவரும், ஆற்றுக்கு அக்கரையில் சாயோங்கில் லாபு என்ற மண்கூஜா விற்கிறவரும் இன்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: கூகுளில் முதல் பக்கத்துக்கு எப்படி வருவது? இதற்குப் பதில் விற்கும் நிறுவனங்களுக்கு ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் பஞ்சமில்லை. அவை விற்பதில் முக்கியமானது 'பேக்லிங்க்', அதாவது பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்பு. ஐந்நூறுக்கு இவ்வளவு ரிங்கிட், ஆயிரத்துக்கு இவ்வளவு ரிங்கிட் என்று மொத்தமாக விலை பேசப்படுகிறது. இந்தத் தொழிலே பித்தலாட்டம் என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள். நல்லதாக எழுதினால் போதும், இணைப்பு தானாக வந்து சேரும் என்பது அவர்கள் கட்சி. இரண்டு தரப்போடும் எனக்கு உடன்பாடில்லை. சிற்றூரில் இருப்பவர்கள், அதுவும் தமிழில் எழுதுகிறவர்கள், இணைப்பைத் தேடிப் போய்க் கேட்கத்தான் வேண்டும். கேட்பதில் குற்றமில்லை, விலைக்கு வாங்குவதில்தான் கேடு இருக்கிறது.

இணைப்புக்கு இத்தனை மதிப்பு வந்த கதை 1998இல் தொடங்குகிறது. அதற்கு முந்தைய தேடுபொறிகள் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்பதைப் பார்த்தே வரிசைப்படுத்தின. ஆகவே தள உரிமையாளர்கள் அதே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணித்தார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லேரி பேஜும் செர்கே பிரின்னும் வேறு வழி பார்த்தார்கள். ஒரு பக்கம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது என்பதோடு நிற்காமல், மற்றப் பக்கங்கள் அதைச் சுட்டுகின்றனவா என்று எண்ணினார்கள். ஆய்வுலகில் இது புதிதல்ல. எந்த ஆய்வுக் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1960களிலேயே உருவாக்கிவிட்டார். பேஜும் பிரின்னும் அதற்கு மேல் ஒரு படி போனார்கள். எல்லா இணைப்பும் ஒரே எடையல்ல என்றார்கள். பலர் சுட்டும் பக்கம் ஒன்று உங்களைச் சுட்டினால் அதன் மதிப்பு கூடுதல். அதே பக்கம் நூறு தளங்களைச் சுட்டினால், அது வழங்கும் மதிப்பு நூறாகப் பிரிந்துவிடும். 'பேஜ்ரேங்க்' என்று பெயர் பெற்று, கூகுளுக்கு அடித்தளமான இந்தக் கணக்கின் பலம் இங்கேதான்: தீர்ப்பு தள உரிமையாளரின் கையை விட்டு வெளியே போனது. கடைக்காரர் தன் கடையைப் புகழ்வதைவிட, அவரோடு சம்பந்தமில்லாத மூன்றாமவர் ஒருவர் "அங்கே போய்ப் பாருங்கள்" என்று சொல்வதற்கு மரியாதை அதிகம்.

ஆனால் எண்ணப்படும் எதற்கும் சந்தை வந்துவிடும். இதற்கும் வந்தது.

அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைக்கு நேர்ந்தது ஒரு பாடம். ஆடை, மெத்தை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் அந்தக் கடை முதலிடத்தில் நின்றது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு இணைப்புகள் போடப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. கூகுள் உடனே அதைப் பின்வரிசைக்குத் தள்ளியது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 24ஆம் நாள் கூகுளின் தேடல் கணக்கில் 'பென்குயின்' என்ற மாற்றம் வந்தது. செயற்கை இணைப்புகளால் மேலே வந்திருந்த தளங்கள் ஒரே இரவில் சரிந்தன. 2013இல் பிரிட்டனில் இன்டர்ஃப்ளோரா என்ற பூ வணிக நிறுவனம், வட்டார நாளிதழ்களின் தளங்களில் காசு கொடுத்துக் கட்டுரை போட்டு அவற்றில் இணைப்புகளைப் பொதித்து வைத்ததற்காக, சில நாள்கள் தேடல் முடிவுகளிலேயே கிடைக்காமல் போனது. இந்தக் கடைசி நிகழ்ச்சியை நம் தமிழ் ஏடுகளின் இணையப் பதிப்புகளை நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும். விளம்பரக் கட்டுரை வெளியிடுவது தவறல்ல. அதிலுள்ள இணைப்பு காசுக்கு வந்தது என்று தேடுபொறிக்குத் தெரிவிக்கும் குறியீடு 2005இலிருந்தே இருக்கிறது. அதைப் போடாமல் விட்டால் ஏடும் மாட்டிக்கொள்ளும், விளம்பரம் கொடுத்தவரும் மாட்டிக்கொள்வார்.

வாங்கிய இணைப்பு எப்படி இருக்கும் என்பதை அருகில் போய்ப் பார்ப்பது நல்லது. உறவினர் ஒருவர் தம் ஹோம்ஸ்டேக்காக வாங்கியவற்றின் பட்டியலை எக்ஸெல் தாளில் என்னிடம் காட்டினார். முதல் வரியில் கார் உதிரிபாகம் விற்கும் ஏதோ ஐரோப்பிய மொழித் தளம். அடுத்தது வீட்டு வைத்தியக் குறிப்புகள். அந்தப் பக்கத்தைத் திறந்தால், பல்வலிக்குக் கிராம்பு எண்ணெய் தடவுவது பற்றிய பத்தியின் நடுவில் 'ஹோம்ஸ்டே மூரா கோலா கங்சார்' (மூரா என்றால் மலிவு) என்ற சொற்கள் நீல நிறத்தில் நிற்கின்றன. மூன்று வாக்கியம் தள்ளி இணையச் சூதாட்டத் தளம் ஒன்றுக்கு இன்னோர் இணைப்பு. தாளின் கடைசிக் கட்டத்தில் 'டொமைன் ரேட்டிங்' என்று பெரிய எண்கள். அவர் நம்பியது அந்த எண்களைத்தான். இத்தகைய எண்களைத் தருவது ஏரெஃப்ஸ், மோஸ் போன்ற தனியார் கருவிகள். கூகுள் வரிசைப்படுத்துவதற்கு அவற்றை எடுத்துக்கொள்வதில்லை. இந்த விவரம் தாளில் எங்கும் இல்லை.

அந்தப் பல்வலிப் பக்கத்தைப் படிக்கிற ஒருவராவது கோலா கங்சாரில் அறை எடுப்பாரா? மாட்டார். இணைப்பை எடைபோட எனக்குத் தெரிந்த நேர்மையான கேள்வி இது ஒன்றுதான். கூகுளும் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்துவிட்டது. 2016இல் பென்குயின் அதன் அன்றாடக் கணக்கோடு இணைந்தது. அதன் பிறகு இப்படிப்பட்ட இணைப்புகள் பெரும்பாலும் தண்டிக்கப்படுவதில்லை, கண்டுகொள்ளப்படாமல் விடப்படுகின்றன. கொடுத்த பணம் சத்தமில்லாமல் கரைகிறது. ஆள் வைத்துப் பார்த்து விதிக்கும் தண்டனை இன்னும் இருக்கிறது. அது விழுந்தால் மீள்வது சிரமம். ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது போலத்தான் இதுவும்: உளியை ஆழமாக இறக்கினால் அன்றைக்குப் பால் கூடுதலாக வரும். ஆனால் மரத்தில் புண் விழும், அந்த இடத்தில் மறுபட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து பிறகு வெட்டவே முடியாமல் போகும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நான் இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இனி எதிர்த் தரப்பு. நல்லதை எழுது, இணைப்பு தானாக வரும் என்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கண்ணில் படுகிற பக்கத்துக்குத்தான் இணைப்பு கிடைக்கும். இணைப்பு கிடைத்த பக்கம்தான் கண்ணில் படும். ஏற்கெனவே இணைப்பு உள்ளவருக்கே மேலும் மேலும் சேரும் என்பதை ஆய்வாளர்கள் பராபாசியும் ஆல்பர்ட்டும் 1999இல் கணித முறையில் விளக்கினார்கள். இதன் விளைவை பேராக்கிலேயே பார்க்கலாம். சுங்கை சிப்புட் பக்கத்து எல்பில் தோட்டம் மலாயா அவசரகால வரலாற்றில் இடம்பெற்ற பெயர். 1948 ஜூனில் அங்கே தோட்டத் துரை சுட்டுக் கொல்லப்பட்டதை உலகெங்கும் எழுதியிருக்கிறார்கள், ஒருவரை ஒருவர் சுட்டியிருக்கிறார்கள். அந்தச் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் நினைவுகளை யாராவது எழுதி வைத்தாலும், அந்தப் பக்கத்தைச் சுட்ட ஆளில்லை. எழுத்தின் தரம் அங்கே தீர்மானிப்பதில்லை; யார் முதலில் கவனிக்கப்பட்டார் என்பது தீர்மானிக்கிறது. பேஜ்ரேங்கின் உள்ளேயே இருக்கும் குறை இது. எந்தப் பென்குயினும் இதைச் சரிசெய்யாது.

ஆகவேதான் கேட்க வேண்டும் என்கிறேன். கேட்பதற்கு முன் கையில் ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கோலா கங்சாரில் அப்படிப்பட்ட சரக்கு கொட்டிக் கிடக்கிறது. 1877இல் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ இங்கே ரப்பர் கன்றுகளை நட்டார். அந்தத் தலைமுறை மரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தின் அருகே இன்னும் நிற்கிறது. நம் முன்னோரில் லட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றி இங்கே கொண்டுவந்த தொழிலின் தொடக்க காலச் சாட்சி அது. அதைப் பற்றித் தமிழில் ஒரு முழுமையான பக்கம் வேண்டும். மரம் எங்கே இருக்கிறது, எப்படிப் போவது, கன்று எங்கிருந்து எப்படி வந்தது, சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் தாவரவியலாளர் ரிட்லி கண்டறிந்த வெட்டுமுறை எது, உளி, மங்கு, பால்வாளி ஆகியவற்றின் படங்கள், பால் வெட்டிய பெரியவர்களின் குரல்பதிவு. ஹோம்ஸ்டே தளம் ஒன்று இப்படி ஒரு பக்கம் போட்டால், அதைத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பாடத்துக்கு எடுத்துக்கொள்வார், பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் மாணவர் ஆய்வேட்டில் காட்டுவார், சுற்றுலா எழுத்தாளர் சுட்டுவார். அவர்களுக்குக் கடிதம் எழுதி "இப்படி ஒரு பக்கம் இருக்கிறது, பயன்பட்டால் இணைப்புக் கொடுங்கள்" என்று கேட்பதில் என்ன வெட்கம்? சாயோங் லாபுவுக்கும் இதே கதைதான். சுட்டெடுத்த பாத்திரத்தைச் சூடு ஆறுமுன் உமியில் இட்டுக் கருநிறம் ஏற்றும் அந்த ஒரு கட்டத்தை ஒழுங்காகப் படம் எடுத்து விளக்கியவர், ஐந்நூறு இணைப்பு வாங்கியவரை முந்துவார் என்று நம்புகிறேன்.

இன்னொரு முறையும் உண்டு. தமிழுக்கு அது மிகவும் பொருந்தும். செத்துப்போன இணைப்புகளைத் தேடிக் கண்டுபிடித்து, அவை இடம்பெற்ற தளத்தாரிடம் "இது வேலை செய்யவில்லை, இதே பொருளில் எங்களிடம் ஒரு பக்கம் இருக்கிறது" என்று தெரிவிப்பது. 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்து ஆண்டில் காணாமல் போனதாகப் பியூ ஆய்வு மையம் 2024இல் சொன்னது. தமிழில் இழப்பு இன்னும் ஆழமானது. தொடக்க காலத் தமிழ்த் தளங்கள் பல ஜியோசிட்டீஸில் இலவசமாகக் குடியிருந்தன. 2009 அக்டோபரில் அது மூடப்பட்டபோது அவையும் போயின. அவற்றைச் சுட்டிய இணைப்புகள் பழைய பக்கங்களில் இன்னமும் வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்த இடத்தை உரிய பக்கத்தால் நிரப்புவது இரு பக்கத்துக்கும் உதவி. இதிலும் ஏமாற்று வரலாம்: காணாமல் போனது கவிதைத் தொகுப்பாக இருக்க, மாற்றாக ஹோட்டல் விளம்பரத்தை நீட்டுகிறவர்கள் உண்டு. பொருள் ஒத்திருந்தால் மட்டுமே இது நேர்மையான வேலை.

நம் பக்கத்திலும் ஒரு பெரிய குறை இருக்கிறது. தமிழ் ஏடுகளில் படத்தின் கீழும் கட்டுரையின் கீழும் 'நன்றி: இணையம்' என்று போடுகிறோம். எந்தத் தளம், யார் எழுதியது, முகவரி என்ன என்பது கிடையாது. ஒருவர் மாதக்கணக்கில் உழைத்துச் சேர்த்த தகவலை எடுத்துப் போட்டுவிட்டு, அவருக்குச் சேர வேண்டிய ஒரே கூலியான இணைப்பையும் கொடுக்காமல் விடுகிறோம். மிச்சமுள்ள பகிர்வெல்லாம் வாட்ஸ்அப் குழுக்களில் நடக்கிறது. அங்கே பகிரப்படுவது எந்தத் தேடுபொறியின் கண்ணிலும் படாது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் உழைப்பால் மின்னூலாக்கி இலவசமாகத் தருகிறது. யாரிடமும் காசு கொடுத்து இணைப்பு வாங்காமலே உலகப் பல்கலைக்கழகங்கள் அதைச் சுட்டுகின்றன. நம்மவர்களில் எத்தனை பேர் அதிலிருந்து பாடல்களை எடுத்துக்கொண்டு அதன் முகவரியைக் கொடுக்கிறோம்? தமிழ்த் தளங்கள் தேடலில் பின்தங்குவதற்குப் போட்டியாளரின் தந்திரத்தைவிட இந்தப் பழக்கமே பெரிய காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

இணைப்பையே மந்திரமாக நினைக்கவும் வேண்டாம். அதன் எடை முன்பைவிடக் குறைந்துவிட்டதாகக் கூகுள் தரப்பிலிருந்தே சொல்லிவருகிறார்கள். சிறு கடைக்கு முதல் தேவை கூகுள் வரைபடத்தில் சரியான முகவரி, திறக்கும் நேரம், தொலைபேசி எண், வாடிக்கையாளர் கருத்துக்குப் பதில். கோலா கங்சாரின் உபுடியா பள்ளிவாசலைப் பார்க்க வந்தவர் கைப்பேசியில் பக்கத்து உணவுக்கடையைத் தேடும்போது தூரமும் பொருத்தமும்தான் பெரிதும் பேசும். விக்கிப்பீடியாவில் போய் இணைப்பைச் செருகுவதும் வீண். அங்குள்ள வெளியிணைப்புகளைத் தேடுபொறிகள் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம் என்று விக்கிப்பீடியாவே 2007இலிருந்து குறித்து வைக்கிறது.

சேர்ந்த இணைப்பைக் காப்பது பற்றி யாரும் பேசுவதில்லை. ஆலயம், வாசகர் வட்டம், முன்னாள் மாணவர் சங்கம் என்று நம்மிடையே தளம் தொடங்குகிறவர்கள் பலர். செயலவை மாறும், ஆண்டுக் கட்டணம் கட்ட ஆள் இருக்காது, முகவரி காலாவதியாகும். நல்ல இணைப்புகள் சேர்ந்த அத்தகைய முகவரிகளுக்காகவே காத்திருந்து வாங்கி, அதில் சூதாட்டப் பக்கங்களை ஏற்றுகிற கூட்டம் இருக்கிறது. கூகுள் 2024 மார்ச்சில் இதைத் தன் விதிகளில் தனிக் குற்றமாகவே சேர்த்தது. ஆனால் பள்ளி, பத்திரிகை, அரசுத் தளங்களிலிருந்து சங்கத்தின் பெயரை நம்பிச் சொடுக்குகிறவர் போய் இறங்குவது அந்தச் சூதாட்டப் பக்கத்தில்தான். முகவரியை ஒரு தனி ஆளின் மின்னஞ்சலில் பதிவு செய்யாமல் சங்கத்தின் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். ஒரே தடவையில் பல ஆண்டுக்குக் கட்டிவிடுங்கள். பொறுப்பு கைமாறும் கூட்டத்தில் வங்கிக் கணக்கு ஒப்படைக்கப்படும்போது தளத்தின் கடவுச்சொல்லும் ஒப்படைக்கப்பட்டதாகக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள்.