ஹோர்ட்டாவில் காற்று இறங்கும்வரை

அட்லாண்டிக்கைக் கடந்து ஐரோப்பா திரும்பும் பாய்மரப் படகுகள் பல, அசோரஸ் தீவுகளில் ஒன்றான ஃபயலில், ஹோர்ட்டா துறையில் ஒதுங்குகின்றன. வடக்கே காற்றழுத்தத் தாழ்வு நிலை இருந்தால் கிளம்ப முடியாது; இருக்க வேண்டியதுதான். அந்த இருப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இரவெல்லாம் பாய் ஏற்றும் கயிறுகள் அலுமினியப் பாய்மரங்களில் டங் டங்கென்று அடிக்கும். யாராவது எழுந்துபோய்த் தன் படகுக் கயிற்றை விலக்கிக் கட்டுவார். பக்கத்துப் படகுடையதையும் சேர்த்தே. கரையோடு பிணைத்த கயிறு உரசுமிடத்தில் பழைய ரப்பர் குழாயைப் பிளந்து சுற்றியிருப்பார்கள். காலையில் அதைத் தடவிப் பார்த்து, தேய்ந்திருந்தால் சற்றே நகர்த்துவார்கள். இந்த அக்கறையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மழை விட்டதும் பெயின்ட் டப்பாக்கள் வெளியே வரும். அலைத்தடுப்புச் சுவரில் படகின் பெயர், ஆண்டு, சின்னதாய் ஒரு படம். வரையாமல் போனால் ஆகாது என்பது மாலுமிகளின் நம்பிக்கை. ஈரச் சுவரில் பெயின்ட் பிடிக்காது, அதற்கும் காத்திருக்க வேண்டும்.

1918 முதல் இருக்கும் பீட்டர் கஃபே ஸ்போர்ட்டில், முன்பின் தெரியாதவர்கள் ஒரே வானிலை வரைபடத்தின் மேல் குனிந்திருப்பார்கள். நாளைக்குக் கிளம்பலாமா என்று கேட்டால், அனுபவசாலி யாரும் சட்டென்று ஆமாம் என்பதில்லை.