நிதியும் நீதியும்: உலக நிதி மையங்கள் குறித்து ஒரு விமர்சன நோக்கு

2007 மார்ச் மாதத்தில், இலண்டன் சிட்டி மாநகராட்சியின் வேண்டுகோளின்படி, 'செட் யென்' எனும் ஆய்வு நிறுவனம் உலக நிதி மையங்களைத் தரவரிசைப்படுத்தும் சுட்டெண் ஒன்றை முதன்முறையாக வெளியிட்டது. அதில் 46 நகரங்கள் இடம்பெற்றன. 1000 புள்ளிகளுக்கு 765 பெற்று இலண்டன் முதலிடத்திலும், 760 பெற்று நியூயோர்க் அடுத்த இடத்திலும் நின்றன. இலண்டன் மாநகராட்சி செய்வித்த பட்டியலில் இலண்டனே முதலாவதாக வந்தது தற்செயலாகவே இருக்கலாம். எனினும் கவனித்து வைப்பதில் தவறில்லை. அன்று முதல் ஆண்டுக்கு இருமுறை இப்பட்டியல் வெளிவருகிறது. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்கள் அதில் இடம் பெறுகின்றன. 2025 செப்டெம்பர் பட்டியலில் நியூயோர்க் 766, இலண்டன் 765, ஹொங்கொங் 764, சிங்கப்பூர் 763. நான்கு பெருநகரங்களுக்கிடையே ஒவ்வொரு புள்ளியே வேறுபாடு. இத்தகைய நுண்ணிய வேறுபாட்டை வைத்து எந்த நகரம் எந்த நகரத்தை விஞ்சியது என்று அமைச்சர்கள் அறிக்கை விடுவதை நாம் ஆண்டுதோறும் வாசிக்கிறோம்.

இச்சுட்டெண் இரண்டு ஊற்றுகளிலிருந்து பெறப்படுகிறது. ஒன்று, பிற அமைப்புகள் ஏற்கனவே தொகுத்த புள்ளிவிவரங்கள். மற்றையது, நிதித்துறையில் பணிபுரிவோர் தத்தம் நகரமல்லாத ஏனைய நகரங்களைப் பற்றித் தெரிவிக்கும் அபிப்பிராயம். வணிகச் சூழல், மனித வளம், உட்கட்டமைப்பு, நிதித்துறையின் வளர்ச்சி, நற்பெயர் என்ற ஐந்து தலைப்புகளின் கீழ் இவை தொகுக்கப்படுகின்றன. தலைப்புகளில் குறைகாண எதுவுமில்லை. நமது ஆட்சேபம் வேறு. விலைகொடுத்து வாங்கக்கூடியவற்றையும் வாங்க முடியாதவற்றையும் இச்சுட்டெண் ஒரே தராசில் இட்டுக் கூட்டிவிடுகிறது. விமான நிலையம், வானளாவிய கட்டடம், வரிவிலக்கு, விரைவான இணையத் தொடர்பு ஆகியவற்றைப் பத்தாண்டுகளில் வாங்கிவிடலாம். ஊரில் செல்வாக்குள்ள ஒருவருக்கு எதிராக, ஊரில் யாரையும் அறியாத அந்நியர் ஒருவர் வழக்காடி, தமக்குரியதை முன்கூட்டியே கணிக்கத்தக்க காலத்துக்குள் பெற்றுக்கொண்டு வெளியேற முடியும் என்ற உறுதியை அவ்வாறு வாங்க முடியாது. ஒரு நகரத்தை நிதி மையமாக்குவது முதன்மையாக இந்த உறுதியே என்பது நம் கருத்து. பட்டியலைப் பார்த்துத் திட்டமிடும் அரசுகளோ வாங்கக்கூடியதை மட்டும் வாங்கிவிட்டு அமர்ந்திருக்கின்றன.

இது நமக்குப் புதிய செய்தியும் அன்று. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் தொழுகையையோ நோன்பையோ பற்றியதன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது, எழுதுபவரின் கடமை, சாட்சிகள் ஆகியவற்றைப் பற்றியது. 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பஸ்ராவுக்கு வந்த பாரசீகப் பயணி நாஸிர் குஸ்ரவ், அங்குள்ள வணிகர்கள் தம் பணத்தை நாணய மாற்றுநரான ஸர்ராஃபிடம் ஒப்படைத்துவிட்டு, கடைவீதியில் வாங்குவதற்கெல்லாம் அவர்மீது சீட்டு எழுதிக் கொடுத்துவந்ததைத் தம் பயண நூலில் பதிவு செய்துள்ளார். அச்சீட்டுக்கு மதிப்பளித்தது அதைத் தாங்கிய தாள் அன்று; மறுத்தால் முறையிட ஓர் இடம் உண்டு என்ற நம்பிக்கையே.

அந்நம்பிக்கை ஒரு நகரத்தை விட்டு எவ்வாறு வெளியேறுகிறது என்பதற்கு நம் காலத்தின் தெளிவான சான்று பெய்ரூத். 1956இல் லெபனான் வங்கி இரகசியச் சட்டத்தை இயற்றியது. அரபு உலகின் எண்ணெய்ப் பணமும், தேசியமயமாக்கலுக்கு அஞ்சிய செல்வந்தர்களின் பணமும் அங்கு குவிந்தன. 1966 ஒக்டோபரில் இன்ட்ரா வங்கி சரிந்தது முதல் அதிர்ச்சி. 1975இல் மூண்ட உள்நாட்டுப் போர் எஞ்சியதையும் கலைத்தது. அதே ஆண்டில் பஹ்ரைன் தன் எல்லைக்கு வெளியே வணிகம் செய்யும் வங்கிகளுக்கு அனுமதி வழங்கத் தொடங்கியது. பெய்ரூத்தை விட்டகன்ற வங்கியாளர்கள் மனாமாவில் அலுவலகம் திறந்தனர். வங்கி இரகசியம் பணத்தை வரவழைக்கப் போதுமானதாயிருந்தது, தங்கவைக்கப் போதவில்லை.

இலண்டனின் கதையை நேர்மையின் வெற்றிக் கதையாகச் சொல்வோரும் உளர். அது பாதி உண்மை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்டெர்லிங் நலிந்து, பேரரசு கலைந்துகொண்டிருந்த வேளையில் இலண்டனைக் காப்பாற்றியது அமெரிக்காவின் டொலரே. வைப்புகளுக்கான வட்டிக்கு அமெரிக்கச் சட்டம் உச்சவரம்பு விதித்திருந்தது. பனிப்போர்க் காலத்தில் தம் டொலர்களை அமெரிக்கா கைப்பற்றிவிடும் என்று சோவியத் வங்கிகள் அஞ்சின. இவ்விரு காரணங்களாலும் அமெரிக்காவுக்கு வெளியே டொலரை வைப்பிலிடும் 'யூரோ டொலர்' சந்தை உருவாயிற்று. இங்கிலாந்து வங்கி அதைக் கண்டும் காணாதிருந்தது. 1963 ஜூலையில் கென்னடி அரசு அந்நியப் பிணையங்கள்மீது வரி விதிக்கப்போவதாக அறிவித்தது. அதே மாதத்தில் இத்தாலிய நெடுஞ்சாலை நிறுவனமொன்றுக்கு 15 மில்லியன் டொலர் திரட்டும் முதல் யூரோ பிணையம் இலண்டனில் வெளியிடப்பட்டது. ஆகவே, வொஷிங்டனின் கட்டுப்பாடும் இலண்டனின் தளர்வும் சேர்ந்து ஈன்ற குழந்தையே நவீன சிட்டி. ஆனால் தளர்வு மட்டும் போதுமெனில் கரீபியன் தீவுகள் யாவும் இன்று இலண்டனாகியிருக்க வேண்டும். தளர்வினால் வந்த பணத்தைத் தங்கவைத்தது அங்குள்ள வணிக நீதிமன்றமும், அதன் நெடுங்காலத் தீர்ப்புத் தொகுதியுமே.

இதன் வலிமையை இஸ்லாமிய நிதித்துறையின் வரலாற்றிலேயே காணலாம். பஹ்ரைனின் ஷாமில் வங்கி 1990களின் நடுப்பகுதியில் பங்களாதேஷின் பெக்ஸிம்கோ குழுமத்துக்கு முராபஹா முறையில் நிதியளித்தது. பணம் திரும்பவில்லை. பின்னர் புதிய உடன்படிக்கைகள் எழுதப்பட்டன, அவையும் மீறப்பட்டன. உடன்படிக்கையின் வாசகமோ, ஷரீஆவின் கோட்பாடுகளுக்கு உட்பட்டு இங்கிலாந்துச் சட்டமே இதனை ஆளும் எனும் பொருளில் அமைந்திருந்தது. வழக்கு இலண்டனுக்குச் சென்றது. கடன்பட்டோர் எடுத்துவைத்த வாதம் கவனத்துக்குரியது: இவை பெயரளவில் முராபஹா, உள்ளபடி வட்டிக் கடன்கள், ரிபாவாதலால் ஷரீஆவின்படி செல்லாதவை, எனவே நாம் கொடுக்க வேண்டியதில்லை. பணத்தைப் பெறும்போது எழாத ஐயம் திருப்பிக் கொடுக்கும்போது எழுந்தது. 2004 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை நிராகரித்தது. ஓர் ஒப்பந்தத்தை ஒரு நாட்டின் சட்டமே ஆள முடியும். ஷரீஆ பற்றிய பொதுவான குறிப்பு, நீதிமன்றம் நடைமுறைப்படுத்தத்தக்க திட்டவட்டமான விதிகளைச் சுட்டவில்லை என்றது தீர்ப்பு. வங்கி வென்றது. மனாமாவின் முஸ்லிம் வங்கியும் டாக்காவின் முஸ்லிம் வணிகரும் ரிபா பற்றிய தம் பிணக்கைத் தீர்த்துக்கொள்ளத் தேம்ஸ் நதிக்கரைக்குச் சென்றனர். அந்த நீதிமன்றமோ ரிபா பற்றித் தான் பேசப்போவதில்லை என்றது.

2017இல் இது இன்னும் கூர்மையடைந்தது. ஷார்ஜாவின் டானா காஸ் நிறுவனம், தான் வெளியிட்ட 700 மில்லியன் டொலர் பெறுமதியான முளாரபா ஸுகூக் ஐக்கிய அரபு அமீரகச் சட்டப்படி செல்லாது என்று அவ்வாண்டு ஜூனில் அறிவித்தது. ஸுகூக் முதிர்வடைய நான்கு மாதங்களே இருந்தன. ஷார்ஜா நீதிமன்றத்தில் ஒரு வழக்கு, இலண்டனில் மற்றொன்று. முளாரபா உடன்படிக்கை அமீரகச் சட்டத்துக்கும், முதலைத் திருப்பி வாங்கும் உறுதிமொழி இங்கிலாந்துச் சட்டத்துக்கும் உட்பட்டதாக ஒரே ஆவணத் தொகுதி எழுதப்பட்டிருந்தது. அந்த உறுதிமொழி செல்லும் என்று நவம்பரில் இலண்டன் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிணக்கு மறு ஆண்டு இணக்கத்தில் முடிந்தது. ஆயினும் 'இஸ்லாமியப் பத்திரம்' என்ற பெயரையே தப்பிக்கும் வாயிலாக்கலாம் என்ற எண்ணம் முதலீட்டாளர் மனத்தில் விதைக்கப்பட்டுவிட்டது. சமய மொழிக்கு இழைக்கப்பட்ட இத்தீங்கை எந்தச் சுட்டெண்ணும் அளக்கவில்லை.

டுபாய் இச்சிக்கலை நன்கு உணர்ந்திருந்தது. 2004இல் டுபாய் சர்வதேச நிதி மையத்தை நிறுவியபோது கட்டடங்களுடன் ஒரு நீதிமன்றத்தையும் எழுப்பியது. அதன் மொழி ஆங்கிலம். முறை இங்கிலாந்தின் பொதுச் சட்டம். முதல் பிரதம நீதியரசர் இங்கிலாந்தைச் சேர்ந்த அன்தனி எவன்ஸ். நகரத்தின் ஏனைய பகுதியில் அரபு மொழியில் அமீரகச் சட்டம், வேலிக்கு உட்புறம் வேறொரு சட்டம். இதனை ஏளனம் செய்வோரோடு நாம் உடன்படவில்லை. 2009 நவம்பரில் டுபாய் வேர்ல்ட் குழுமம் கடன்களைச் செலுத்த அவகாசம் கேட்டுச் சந்தைகளை அதிரவைத்தபோது, அதன் பிணக்குகளை விசாரிக்க அமைக்கப்பட்ட விசேட நியாயசபைக்கு இந்நீதிமன்றத்தின் நீதியரசர்களே அமர்த்தப்பட்டனர். எனினும் அன்று நகீல் நிறுவனத்தின் ஸுகூக் உரிய காலத்தில் செலுத்தப்பட்டது நீதிமன்றத்தினால் அன்று. அபூதாபி கடைசி நேரத்தில் வழங்கிய 10 பில்லியன் டொலரினால். அண்டை வீட்டாரின் கொடையைச் சட்டத்தின் உறுதியாக எண்ணிவிடலாகாது. இரவல் பெற்ற சட்டமும் பல்லாண்டுப் பழக்கத்தால் சொந்தமாகலாம். அதற்குக் காலம் வேண்டும்.

மலேஷியா தேர்ந்த வழி வேறு. ஷரீஆ எது என்பதை யார் தீர்மானிப்பது என்ற வினாவை அது நேராக எதிர்கொண்டது. 2009ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம், இஸ்லாமிய நிதி தொடர்பான ஷரீஆ வினாக்களில் ஷரீஆ ஆலோசனை மன்றத்தின் முடிவு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தும் என்றது. இது நீதித்துறையின் அதிகாரத்தைப் பறிப்பதாகாதா என்ற கேள்வி அந்நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்று, 2019இல் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில் சட்டம் நிலைநிறுத்தப்பட்டது. நால்வரின் மறுப்பும் இலேசானதன்று. ஆயினும் கோலாலம்பூரில் கடன்பட்ட ஒருவர் பெக்ஸிம்கோவின் வாதத்தை எழுப்பினால் அதற்கு விடையளிக்க ஒரு பீடம் உண்டு. ஸுகூக் வெளியீட்டில் மலேஷியா முன்னணியில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவ்வாறெனில் அது ஏன் சிங்கப்பூராகவில்லை? 1998 செப்டெம்பரில் ஆசிய நெருக்கடியின் நடுவே மஹாதீர் அரசு மூலதனம் வெளியேறுவதைத் தடுத்து, ரிங்கிட்டின் மதிப்பை டொலருக்கு 3.80 என்று கட்டியது. அந்நிய மூலதனத்தின் நினைவில் அந்த செப்டெம்பர் இன்னும் அழியவில்லை. அம்முடிவு தன் மக்களைக் காத்தது என்றே நாம் கருதுகிறோம். நாட்டின் நலனும் நிதி மையத்தின் நலனும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை என்பதைச் சொல்லும் துணிவு இத்துறை நூல்களில் அரிது.

மேலை நகரங்களின் நம்பகமும் எல்லையற்றதன்று. வெனிசுவேலாவின் தங்கம் இங்கிலாந்து வங்கியின் நிலவறையில் முடங்கியது. 2021இல் காபூல் வீழ்ந்ததும், அமெரிக்காவில் இருந்த ஆப்கானிஸ்தானின் சுமார் 7 பில்லியன் டொலர் கையிருப்பு முடக்கப்பட்டது. ஆட்சியாளரின் பிழைக்கு, பட்டினியில் வாடிய குடிமக்களின் சேமிப்பு பிணையாயிற்று. 2022இல் ரஷ்யாவின் கையிருப்புகளுக்கும் அதே கதி. யூரோ டொலர் சந்தையைத் தோற்றுவித்த அச்சம் இன்று அதன் தாயகத்தையே நோக்கித் திரும்பியிருக்கிறது. இதனால் டுபாய்க்கும் சிங்கப்பூருக்கும் பணம் வந்திருக்கிறது. ஆனால் பிறர் சட்டத்துக்கு அஞ்சி ஒருவர் நம்மிடம் வருவதும், நம் சட்டத்தை நம்பி வருவதும் வேறு வேறு. பெய்ரூத்துக்கு முதல்வகைப் பணமே வந்தது.

நமக்கு அண்மையில், கொழும்பில் கடலிலிருந்து மீட்ட 269 ஹெக்டயர் நிலத்தில் துறைமுக நகரம் எழுகிறது. 2021ஆம் ஆண்டின் சட்டமும் பிணக்குகளுக்கெனத் தனியொரு மத்தியஸ்த நிலையத்தைக் கருதுகிறது. சட்டமூலத்தின் வாசகங்கள் பலவற்றை உயர் நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானவையாகக் கண்டு, அவை திருத்தப்பட்ட பின்னரே அது நிறைவேறியது. சிலர் இதை முதலீட்டுக்கு நேர்ந்த தடையென்றனர். அரசின் சட்டமூலத்தைத் திருத்தவைக்கும் நீதிமன்றம் ஒன்று அவ்வூரில் உண்டு என்பதை நாம் அந்நிலத்தின் மிகப் பெறுமதியான சொத்தாகவே காண்கிறோம்.

மீண்டும் பெய்ரூத். 2019 ஒக்டோபரில் அந்நகரின் வங்கிகள் கதவடைத்தன. திறந்தபோது, எந்தச் சட்டமும் இயற்றப்படாமலே, மக்கள் தம் டொலர் வைப்புகளை எடுக்கவோ வெளிநாட்டுக்கு அனுப்பவோ முடியாதபடி செய்தன. ஆயிரக்கணக்கானோர் தம் சொந்த ஊர் நீதிமன்றங்களின் வாயிலில் காத்து நின்றனர். பிரித்தானியாவில் வசித்த வைப்பாளர் ஒருவர் இலண்டன் மேல் நீதிமன்றத்தை நாடினார். 2022 பெப்ரவரியில், அவருக்குரிய 4 மில்லியன் டொலரை லெபனானின் இரண்டு வங்கிகள் செலுத்த வேண்டுமென்று அங்கே தீர்ப்பாயிற்று. அதையடுத்து அவற்றுள் ஒரு வங்கி, பிரித்தானியாவுடன் தொடர்புள்ள தன் ஏனைய வாடிக்கையாளர்களின் கணக்குகளை மூடத் தொடங்கியது.