முடிவின்மேல் எழும் மனக்குறை: ஸ்டீபன் கிங்கின் 'தி டார்க் டவர்' தொடரை முன்வைத்து

முன்னுரை

நெடுந்தொடர் ஒன்றின் முடிவு நிறைவளிக்காதபோது ஆசிரியர் தவறினார் என்பாரும், வாசகர் உணரவில்லை என்பாரும் உளர். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் 'தி டார்க் டவர்' மிகுபுனைவுத் தொடருக்கு இவ்விரு தீர்ப்புகளும் முழுமையாகப் பொருந்தவில்லை. இதன் முதல் நூல் 1982-இலும் ஏழாம் நூல் 2004-இலும் வெளிவந்தன. ஏழாம் நூலின் முடிவு எழுப்பும் மனக்குறை இருவகைப்பட்டது. அவற்றைப் பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு முடிவுகள்

உலகங்கள் அனைத்தையும் தாங்கும் கோபுரத்தைத் துப்பாக்கி வீரன் ரோலண்ட் தேடிச் செல்வதே கதை. இறுதியில் அவன் உள்ளே நுழையக் கதவு மூடுகிறது. அவனைப் பிரிந்த சுசன்னா வேறோர் உலகின் நியூயார்க்கில், மாண்டுபோன எட்டியையும் ஜேக்கையும் ஒத்த இருவரைச் சந்திக்கிறாள். தொடருக்குத் தூண்டுதலான ராபர்ட் பிரௌனிங்கின் கவிதையும் (1855) கோபுரத்தின் முன்னேயே நின்றுவிடுகிறது. கிங் அவ்வாறு நிறுத்தவில்லை. வாசகரை நேரே விளித்து, மேலே படிக்க வேண்டா என எச்சரித்த பின்னரே கோபுரத்தினுள் அழைத்துச் செல்கிறார். உச்சியிலுள்ள கதவு ரோலண்டை முதல் நூலின் பாலைவனத்திற்கே திருப்பி அனுப்புகிறது.

இருவகை மனக்குறை

முதலாவது, கட்டமைப்பு சார்ந்தது. பெரும்பகைவனாக வளர்க்கப்பட்ட கிரிம்சன் கிங், கதையின் பிற்பகுதியில் வந்துசேரும் ஓர் இளைஞன் தான் வரைந்த உருவத்தை அழித்ததும் கண்கள் மட்டும் எஞ்ச மறைகிறான். இத்தீர்வுக்கு முந்தைய நூல்கள் போதிய அடித்தளம் இடவில்லை. இது குறையே.

இரண்டாவது, அறம் சார்ந்தது. முதல் நூலில் கறுப்பு மனிதனை எட்டிப் பிடிப்பதற்காகச் சிறுவன் ஜேக்கைப் பாதாளத்தில் விழவிட்டவன் ரோலண்ட். எதை இழந்தேனும் முடிவை அடைய விழைவதே அவன் குற்றம் எனில், மீண்டும் பாலைவனத்தில் தொடங்குவது அதற்குரிய தண்டனையாகும். இங்கு வாசகர் அடையும் ஏமாற்றம் படைப்பின் பொருளோடு ஒன்றியது. ஆயினும் அவ்விழைவை ஏழு நூல்களிலும் வளர்த்த ஆசிரியரே, எச்சரிக்கையின் வழி அதனை வாசகரின் குற்றமாகக் காட்டுவது நேர்மையாகாது.

கொம்பு தரும் மாற்றம்

மீள்தொடக்கம் முன்னையதன் மறுபதிப்பன்று. ஜெரிக்கோ குன்றுப் போரில் விட்டுவந்த கொம்பு இம்முறை ரோலண்டிடம் உள்ளது. விரைவையே அறிந்த அவன், வீழ்ந்த நண்பனின் கொம்பைக் குனிந்தெடுக்கும் அளவேனும் இம்முறை நின்றிருக்கிறான். பிரௌனிங்கின் நாயகன் கோபுரத்தின் முன் கொம்பூதுவதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

முடிவுரை

பகைவனின் வீழ்ச்சி குறித்த மனக்குறை ஆசிரியரின் கைத்திறனைச் சாரும். மீள்தொடக்கம் குறித்த மனக்குறை நூலின் பொருளைச் சாரும். இரண்டையும் ஒன்றாக்கி முடிவை முற்றிலும் மறுப்பதும், 'அனைத்தும் திட்டமிட்டதே' என முற்றிலும் ஏற்பதும் ஒருபாற்கோடும் வாசிப்புகளே எனலாம்.